"தொண்ணூறு வீதம் முடிந்தது" என்கிறார்கள், டவர் எழும்பவில்லை

கேள்வி: நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். முகாமைத்துவத்தில் டிப்ளோமா முடித்துவிட்டு, மொபைல் நிறுவனங்களுக்கு டவர் கட்டிக் கொடுக்கும் ஒரு கொந்தராத்து நிறுவனத்தில் திட்ட ஒருங்கிணைப்பு உதவியாளராகச் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. முப்பதுக்கு மேற்பட்ட சைட்டுகள் உள்ள ஓர் எக்செல் தாளைத் தந்து "இதைப் பார்த்துக்கொள்ளுங்கோ" என்றார்கள். தினமும் காலையில் சைட் சுப்பவைசர்களுக்கு ஃபோன் எடுத்து, எத்தனை வீதம் முடிந்தது என்று கேட்டு நிரப்புகிறேன். தொண்ணூறு என்பார்கள். மூன்று வாரம் கழித்துக் கேட்டாலும் அதே தொண்ணூறுதான். கூட்டத்தில் வாடிக்கையாளர் என்னைக் கேட்கிறார், எங்கள் முகாமையாளரும் என்னைத்தான் ஏசுகிறார். சைட்டில் இருப்பவர்களோ "தங்கச்சிக்கு வேலை தெரியாது" என்கிறார்கள். நான் பொறியியல் படித்தவள் இல்லை. இந்த வேலை எனக்குச் சரிவருமா? பி.எம்.பி. என்கிற திட்ட முகாமைத்துவப் பரீட்சை எடுத்தால் மதிப்பார்களா?
வாசகி, கொழும்பு 6

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

சரிவரும். என்னோடு இந்தத் துறையில் ஒருங்கிணைப்பு வேலை பார்த்து நல்ல பெயர் எடுத்தவர்களில் பலர் பொறியியல் படிக்காதவர்கள். கணக்கியல் படித்தவர்கள் இருந்தார்கள். நொத்தாரிசு ஒருவரிடம் எழுதுவினைஞராக இருந்துவிட்டு வந்த ஒருவர், எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரர். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உங்களுடைய பிரச்சினை நீங்கள் கேட்கிற கேள்வியில் இருக்கிறது. எத்தனை வீதம் என்று கேட்டால் யாரும் தொண்ணூறு என்றுதான் சொல்வார்கள். சுப்பவைசர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிகிற வேலையில் தொண்ணூறு வீதம் முடிந்திருக்கும். மிச்சப் பத்துக்குள் மின் இணைப்பு இருக்கும், வந்து சேராத இரண்டு பெட்டி போல்ட் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் பிரதேச சபையில் போட்ட முறைப்பாடு இருக்கும். அந்தப் பத்து வீதம் மூன்று மாதம் இழுக்கும்.

நாளையிலிருந்து வேறு மாதிரிக் கேளுங்கள். இந்த சைட் இன்றைக்கு எதற்காகக் காத்திருக்கிறது? அது யாருடைய கையில் இருக்கிறது? எந்தத் திகதியிலிருந்து? எக்செல்லில் வீத நிரலை அழிக்க வேண்டாம், முகாமையாளர் தேடுவார். அதற்குப் பக்கத்தில் இந்த மூன்றுக்கும் இடம் போட்டு, நான்காவதாக "அத்தாட்சி" என்று ஒன்று சேருங்கள். ஒரு படமோ கடிதமோ பரிசோதனை அறிக்கையோ கையில் இல்லாத எந்த வேலையையும் முடிந்ததாகக் குறிக்காதீர்கள். முதல் வாரம் உங்கள் தாள் மிகவும் மோசமாகத் தெரியும். தொண்ணூறாக இருந்த சைட் அறுபதாகும். முகாமையாளரிடம் முன்கூட்டியே போய், இனி இப்படித்தான் குறிக்கப் போகிறேன் என்று சொல்லி, அவருடைய சம்மதத்தோடு செய்யுங்கள்.

இப்போது, சைட்டுகள் எங்கெல்லாம் காத்திருக்கின்றன என்று பார்ப்போம். ஐம்பது மீட்டர் இரும்பை ஏற்றி நிறுத்துவது, காற்றும் மழையும் விட்டுக்கொடுத்தால், சில நாட்களிலிருந்து ஓரிரு வாரத்துக்குள் முடிகிற வேலை. காணியும் அனுமதியும்தான் மாதக் கணக்கில் இழுக்கிறவை. நொத்தாரிசிடம் இருந்து வந்தவர் கெட்டிக்காரராக இருந்ததும் இதனால்தான்.

வாடிக்கையாளரின் ரேடியோ பிரிவு ஒரு புள்ளியையும் அதைச் சுற்றி ஒரு தேடல் வட்டத்தையும் தரும். காணி தேடுகிறவர் அந்த வட்டத்துக்குள் இரண்டு மூன்று இடம் பார்த்துக் கொடுப்பார். இங்கே உங்கள் முதல் வேலை, ஆள்கூறுகளை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைச் சரிபார்ப்பது. 6 பாகை 55 கலை என்பதை யாராவது 6.55 என்று தட்டிவிட்டால், மருதானையில் இருக்க வேண்டிய சைட் நாற்பது கிலோமீட்டர் தெற்கே களுத்துறைப் பக்கம் போய் நிற்கும். இவ்வளவு பெரிய பிழை உடனே பிடிபட்டுவிடும். மூன்றாம் தசமத்தில் ஓர் இலக்கம் மாறினால்தான் ஆபத்து. அது சுமார் 111 மீட்டர். வட்டத்துக்குள்ளேயே இருப்பதுபோலத் தெரியும், ஆனால் அனுமதி ஒரு காணிக்கும் அத்திவாரம் இன்னொரு காணிக்கும் என்று ஆகிவிடும். எல்லாக் கடிதத்திலும் வரைபடத்திலும் ஒரே எண், ஒரே முறையில் இருக்கிறதா என்று பாருங்கள். இதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை, பொறுமை போதும்.

அடுத்தது காணி உறுதி. நம் நாட்டில் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காணிக் குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிற விதி அது. டவர் குத்தகை பல ஆண்டுகளுக்கு என்பதால் தப்ப வழியில்லை. உறுதிக் கோவை உங்கள் மேசைக்கு வந்தால் சட்டத்தரணிக்கு அனுப்புமுன் நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள். கையெழுத்துப் போடப்போகிறவரின் பெயரும் உறுதியில் உள்ள பெயரும் ஒன்றுதானா? தேசிய அடையாள அட்டையில் எழுத்து வேறாக இருக்கிறதா? நில அளவைப் படத்தில் உள்ள எல்லையும் உறுதியின் அட்டவணையில் உள்ள எல்லையும் பொருந்துகின்றனவா? காணிப் பதிவகத்துப் பிரதி எப்போது எடுத்தது, அதற்குப் பிறகு வங்கியில் ஈடு வைத்திருக்கிறார்களா?

நம்மவர் காணிகளில் அடிக்கடி வருவது பிரிக்கப்படாத பங்கு. அண்ணன் தம்பி நாலு பேர் பேரில் காணி இருக்கும். ஒருவர் இங்கே இருப்பார், அவர்தான் நம்மோடு பேசுவார், முன்பணமும் கேட்பார். ஒருவர் டொரொண்டோவில், ஒருவர் லண்டனில். நாலாவது ஆள் காலமாகி, பிள்ளைகளுக்கு முதுசம் இன்னும் எழுதப்படாமல் கிடக்கும். வெளிநாட்டில் இருப்பவரின் அற்றோணித் தத்துவம் இருக்கிறது என்று ஒரு பிரதியை நீட்டுவார்கள். அதில் குத்தகைக்குக் கொடுக்க அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறதா, பதிவு செய்யப்பட்டிருக்கிறதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்ற மூன்றையும் கேளுங்கள். கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் போய்விடும். யாழ்ப்பாணக் காணி என்றால் தேசவழமைச் சட்டம் குறுக்கிடுமா என்று சட்டத்தரணியிடம் தனியாகக் கேளுங்கள். இதெல்லாம் சட்டத்தரணியின் வேலைதானே என்று தோன்றும். உண்மைதான், ஆனால் அவர் கோவையைத் திறக்க இரண்டு வாரம் எடுப்பார். குறைபாட்டை நீங்கள் முதல் நாளே கண்டால் அந்த இரண்டு வாரம் மிச்சம்.

அனுமதிகள் சைட்டுக்குச் சைட் மாறும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது. அவர்களின் பரிந்துரைதான் பெரும்பாலும் முதல் கதவு. கட்டட அனுமதி மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என்று அந்தந்த இடத்துக்குரியது. நகர அபிவிருத்தி அதிகார சபை பிரகடனப்படுத்திய பகுதியென்றால் அவர்களின் விதிகளும் சேரும். உயரத்துக்குச் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் சம்மதம் வேண்டும். இரத்மலானைக்கும் கட்டுநாயக்கவுக்கும் கிட்டிய சைட்டுகளில் இது சடங்கு இல்லை, டவரின் உயரத்தையே குறைக்கச் சொல்லிவிடுவார்கள். பாதுகாப்பு அமைச்சு, மத்திய சுற்றாடல் அதிகார சபை, பதுளை, நுவரெலியா, இரத்தினபுரி, கேகாலை போன்ற மலைச் சரிவென்றால் மண்சரிவு பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் என்று போகும். போர் நடந்த நிலமாக இருந்தால், மிதிவெடி அகற்றப்பட்டதற்கான உறுதிப்படுத்தல் கையில் வராமல் மண் பரிசோதனைக்குக்கூட ஆள் அனுப்பக் கூடாது. இந்த ஒன்றில் யார் அவசரப்படுத்தினாலும் நீங்கள் அசையாதீர்கள்.

எல்லா விண்ணப்பத்துக்கும் கையளித்த திகதியையும் பெற்றுக்கொண்டவரின் முத்திரையையும் வாங்கி வையுங்கள். "கந்தோரில் கிடக்கிறது" என்பது பதில் இல்லை. எந்தக் கந்தோர், எந்தப் பிரிவு, எந்தக் குழுக் கூட்டத்துக்கு வருகிறது என்று தெரிந்தால்தான் அது தகவல். பிரதேச சபைகளின் திட்டமிடல் குழு தினமும் கூடுவதில்லை. ஒரு வரைபடத்தில் கையெழுத்து விடுபட்டால் அடுத்த கூட்டம்வரை சைட் தூங்கும்.

சரி, காணியும் அனுமதியும் கிடைத்துவிட்டன, குழி வெட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இங்கே நீங்கள் ஒரு விஷயத்தை மனதில் பதிக்க வேண்டும். டவர் அத்திவாரம் வீட்டு அத்திவாரம் மாதிரி பாரத்தைத் தாங்க மட்டும் போடுவதில்லை. காற்று தள்ளும்போது ஒரு பக்கத்துக் கால் மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டு எழும்பப் பார்க்கும். அதைப் பிடித்து வைப்பது கொங்கிறீட்டின் எடையும் அதன்மேல் இறுக்கிப் போட்ட மண்ணின் எடையும்தான். அதனால்தான் குழி வரைபடத்தில் உள்ள ஆழத்துக்கு வெட்டப்பட்டதா, நிரப்பிய மண் படை படையாக இடிக்கப்பட்டதா என்பதெல்லாம் அழகுக்காகக் கேட்கப்படுவதில்லை. கொலன்னாவை, பத்தரமுல்லைப் பக்கச் சதுப்பு நிலங்களில் சேற்று மண் வந்தால் வடிவமைப்பே மாறிப் பைல் (ஆழத் தூண்) அடிக்க வேண்டி வரலாம். செலவும் திகதியும் இரண்டும் மாறும். மண் பரிசோதனை அறிக்கை வருமுன் அத்திவாரத் திகதியை வாடிக்கையாளருக்குக் கொடுக்காதீர்கள்.

பிறகு மூடப்பட்டு மறைந்துபோகிற வேலைகள். கம்பி கட்டியது, நிலத்தொடுப்புக்கான (எர்த்) செப்புப் பட்டை புதைத்தது, குழியின் ஆழம், இவற்றை மண்ணும் கொங்கிறீட்டும் மூடிய பிறகு யாராலும் பார்க்க முடியாது. படம் இல்லாவிட்டால் வாடிக்கையாளரின் பரிசோதகர் தோண்டிக் காட்டச் சொல்லலாம், அவர் கேட்பது நியாயமும்கூட. சுப்பவைசரிடம் "படம் அனுப்புங்கோ" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். தூரத்திலிருந்து ஒரு குழியும் நாலு பேரும் தெரிகிற படம் வரும். என்ன படம் வேண்டும் என்று குறித்துச் சொல்லுங்கள்.

உதாரணத்துக்கு, நங்கூர போல்ட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு கால் டவரில் ஒவ்வொரு காலுக்கும் ஒரு கட்டு போல்ட், அவற்றை இடம் மாறாமல் பிடிக்க ஓர் இரும்புச் சட்டம், அதை டெம்ப்ளேட் என்பார்கள். கால்களுக்கிடையே ஐந்து மீட்டர் என்றால், மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் 7.071 மீட்டர் வர வேண்டும். ஒன்று 7.07, மற்றது 7.09 என்றால் சதுரம் சாய்சதுரமாகிவிட்டது என்று அர்த்தம். கொங்கிறீட் இறுகிய பிறகு கால் தட்டு போல்ட்டில் உட்காராது. பாஸ் துளையைப் பெரிதாக்கிவிடலாம் என்பார். பெரிதாக்கினால் வடிவமைத்தவரின் கணக்குப் பிழைத்துவிடும், துத்தநாகப் பூச்சும் போய்விடும். ஆகவே கொங்கிறீட்டுக்கு முதல்நாள் மாலை, டேப் இழுத்துப் பிடித்து எண் தெளிவாகத் தெரிகிற இரண்டு குறுக்களவுப் படங்கள் உங்கள் ஃபோனுக்கு வர வேண்டும். வராவிட்டால் ரெடிமிக்ஸ் கொங்கிறீட் லொறியை உறுதிப்படுத்த வேண்டாம் என்று சைட் எஞ்சினியரோடு பேசி ஒரு நடைமுறையாக்குங்கள். எண்ணைப் பார்த்து ஒப்பிட உங்களுக்குத் தெரியும் என்பதை அவர்கள் ஒருமுறை கண்டால், "தங்கச்சிக்கு வேலை தெரியாது" என்ற பேச்சு தானாக நின்றுவிடும்.

கொங்கிறீட் நாளில் இன்னொரு காத்திருப்பு உண்டு. கலவை லொறி புறப்பட்டு சுமார் இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டியாக வேண்டும். பாடசாலை தொடங்கும் நேரத்தில் பேஸ்லைன் வீதியில் மாட்டினால் அந்த நேரம் வீதியிலேயே போய்விடும். புறப்பட்ட நேரமும் கொட்டிய நேரமும் டெலிவரி துண்டில் எழுதப்பட வேண்டும், களைத்துப்போனவர்கள் அதை மறப்பார்கள், நீங்கள் மறக்கக் கூடாது. பரிசோதனைக்கு எடுத்த கொங்கிறீட் கியூப்களுக்கு (கட்டிகளுக்கு) இலக்கம் போட்டு, 7 ஆம் நாள், 28 ஆம் நாள் பரிசோதனைத் திகதிகளை உங்கள் நாட்காட்டியில் அன்றைக்கே குறித்துவிடுங்கள். 7 நாளில் சாதாரணமாக 28 நாள் வலிமையின் மூன்றில் இரண்டு பங்களவு வரும். அந்த முடிவைப் பார்த்து இரும்பு ஏற்றத் தொடங்கலாமா என்று தீர்மானிப்பவர் எஞ்சினியர். அறிக்கையை அவர் கைக்குக் கொண்டுசேர்ப்பது நீங்கள்.

இரும்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு உறுப்பிலும் இலக்கம் குத்தியிருக்கும். களஞ்சியத்திலிருந்து லொறி புறப்படுமுன் பொதிப் பட்டியலோடு ஒப்பிட்டு எண்ணச் சொல்லுங்கள். முல்லைத்தீவில் போய் இறக்கிய பிறகு மூலைத் தட்டு ஒன்று குறைகிறது என்று தெரிந்தால் ஒரு குழுவே சும்மா இருந்து சம்பளம் வாங்கும். வெளிநாட்டிலிருந்து வருகிற இரும்பென்றால் துறைமுகத்தில் சுங்கப் பத்திரம் தாமதமாகி டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறுவதையும் கவனியுங்கள். விலைமனுவின் செல்லுபடித் திகதியைத் தாளில் சேருங்கள். 2022 இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து சில வாரங்களில் முந்நூற்றைம்பதைத் தாண்டியபோது, செல்லுபடி முடிந்த விலைமனுக்களை நம்பிக் கையெழுத்திட்ட கொந்தராத்துக்காரர்கள் பட்ட பாடு இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும்.

இனி நான் மிகவும் அக்கறையோடு சொல்ல விரும்புகிற விஷயம். டவரில் ஏறுகிற பிள்ளைகளை நீங்கள் அவசரப்படுத்தக் கூடாது. உங்கள் முகாமையாளர் "எடுத்துக் கேள், ஏன் இன்னும் முடியவில்லை" என்பார். எடுங்கள், சுப்பவைசருக்கு எடுங்கள். மேலே நிற்கிற ஒருவருக்கு ஃபோன் எடுக்காதீர்கள். அவருடைய பாதுகாப்புப் பட்டியின் இரண்டு கொக்கியில் ஒன்று எப்போதும் இரும்பில் மாட்டியிருக்க வேண்டும், இரண்டு கையும் வேலையில் இருக்க வேண்டும். கொழும்புப் பக்கம் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடியோடு மழை பெய்யும். அந்த மாதங்களில் காலையில் தொடங்கி மதியத்தோடு இறங்குவதாகத் திட்டம் போடுங்கள். அப்படிப் போட்டால் நாட்கள் கூடும், கூடட்டும். "காற்று அதிகம், நிறுத்திவிட்டோம்" என்று சைட்டிலிருந்து சொன்னால், ஏன் என்று குறுக்கு விசாரணை செய்யாமல் திகதியும் நேரமும் குறித்து வாடிக்கையாளருக்கு அறிவியுங்கள். தாமதத்துக்குக் காரணம் எழுத்தில் இருந்தால் மேலே நிற்கிறவர்மீது அழுத்தம் போகாது. ஓர் உதவியாளரால் ஒரு மனிதரின் உயிரைக் காக்க முடிகிற இடம் இது.

மழையைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்று. கொழும்பில் இருந்து திட்டம் போடுகிறவர்கள் முழு நாட்டுக்கும் ஒரே மழை என்று நினைத்துவிடுகிறார்கள். தென்மேற்குப் பருவமழை மே தொடக்கம் செப்டெம்பர்வரை நமக்கு. மட்டக்களப்பு, கிளிநொச்சிக்கு வடகீழ்ப் பருவமழை ஆண்டின் கடைசியில். இந்தப் பக்கம் நனைகிறபோது அந்தப் பக்கம் காய்ந்து கிடக்கும். முப்பது சைட்டையும் மாவட்ட வாரியாகப் பிரித்து, எந்த அத்திவாரம் எந்த மாதம் என்று ஒழுங்குபடுத்திப் பாருங்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போகிற வேலையாட்கள் ஒரு வாரத்துக்காவது திரும்ப மாட்டார்கள், அதையும் அட்டவணையில் போட்டுவிடுங்கள்.

அயலவர் எதிர்ப்பு உங்களிடம் வராமல் இருக்காது. கதிர்வீச்சு என்று தொடங்குவார்கள். மறைத்துப் பேசாதீர்கள், நீங்களே விவாதிக்கவும் போகாதீர்கள். நாம் பின்பற்றுகிற சர்வதேச வழிகாட்டலில் பொதுமக்களுக்கான எல்லை 900 மெகாஹேர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 4.5 வாட், 1800 இல் 9 வாட், 2000க்கு மேல் 10 வாட். டவரைச் சூழ மக்கள் நடமாடும் இடங்களில் அளந்தால் சாதாரணமாக இவற்றைவிட மிகக் குறைவாகவே வரும். அன்டெனா தன் அலைகளைக் கிடையாக, தூரம் நோக்கித்தான் அனுப்புகிறது. அதே நேரம், உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2011 இல் ரேடியோ அலைகளை 2பி என்ற "புற்றுநோய் வரச் சாத்தியம் இருக்கலாம்" வகையில் வைத்ததும் உண்மை. வாசித்தவர்கள் அதைக் கேட்பார்கள். ரேடியோ எஞ்சினியரை அழைத்துக் கிராம சேவகரும் இருக்கிற ஒரு கூட்டத்தில் பதில் சொல்ல வையுங்கள், அளந்து காட்டவும் ஏற்பாடு செய்யுங்கள்.

ஆனால் என் கணிப்பில் கோபத்தின் வேர் பல இடங்களில் வேறு. ஒரு வீட்டுக்காரருக்கு மாதா மாதம் வாடகை வருகிறது, பக்கத்து வீட்டுக்கு ஜெனரேட்டர் சத்தமும் லொறி உடைத்த மதிலும்தான் வருகின்றன. யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. குழி வெட்டுமுன் சுற்றியுள்ள வீடுகளுக்கு ஒருவர் போய்ச் சொல்வதையும், மதில்களை முன்கூட்டியே படம் எடுத்து வைப்பதையும் உங்கள் தாளில் ஒரு வேலையாகவே சேர்த்துவிடுங்கள். உடைந்த மதிலை அதே வாரம் கட்டிக் கொடுத்த சைட்டுகளில் முறைப்பாடு குறைவு.

மின் இணைப்பு விண்ணப்பத்தை டவர் எழும்பிய பிறகு கொடுக்கும் பழக்கம் உங்கள் நிறுவனத்தில் இருந்தால் அதை மாற்றச் சொல்லுங்கள். குத்தகை கையெழுத்தான வாரமே கொடுக்க வேண்டியது அது. மதிப்பீடு, பணம் கட்டல், கம்பம் நடல் என்று அது தன்பாட்டில் நேரம் எடுக்கும். உங்கள் தொண்ணூறு வீத சைட்டுகளில் பாதி இதற்காகத்தான் நிற்கிறது என்று நினைக்கிறேன், போய்ப் பாருங்கள். இன்னொரு பகுதி நிற்பது கடைசிப் பரிசோதனைக்காக இருக்கும். நிமிர்வு அளவையில் டவரின் சாய்வு, டிஐஏ-222 என்ற டவர் தரத்தின்படி, உயரத்தில் 0.25 வீதத்துக்குள் இருக்க வேண்டும், 50 மீட்டருக்கு 125 மில்லிமீட்டர். நிலத்தொடுப்புத் தடை பொதுவாக 10 ஓமுக்குக் கீழ் கேட்பார்கள். மழை பெய்த மறுநாள் அளந்தால் எண் நன்றாகத்தான் வரும், காய்ந்த நாளில் அளந்ததைத்தான் நம்பலாம். விமான எச்சரிக்கை விளக்கு எரிகிறதா, சிவப்பு வெள்ளைப் பட்டைகளில் உச்சியிலும் அடியிலும் சிவப்பு வந்திருக்கிறதா என்பது போன்ற சின்ன விஷயங்களுக்காகப் பரிசோதகர் இரண்டாம் முறை வர வேண்டி வரும். அவர் இரண்டாம் முறை வர மூன்று வாரம். ஆகவே அவர் வருமுன் அதே பட்டியலோடு உங்கள் ஆள் ஒருவர் ஒருமுறை நடந்து பார்க்கட்டும்.

இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குவதைப் பற்றி. நீங்கள் கூட்டத்தில் பதில் சொல்லும்போது வீதத்தைச் சொல்வதால்தான் ஏச்சு உங்களுக்கு வருகிறது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மீரிகமை சைட்டில் இரும்பு வேலை முடிந்தது, நிமிர்வு அறிக்கை இதோ. மின் இணைப்பு மதிப்பீட்டுக்கு 12 ஆம் திகதியிலிருந்து காத்திருக்கிறோம். வியாழன் காலை பிரதேசப் பொறியியலாளரை எங்கள் ஆள் சந்திக்கிறார். உங்கள் பக்கத்திலிருந்து ஒரு கடிதம் தந்தால் உதவியாக இருக்கும்." இதற்குப் பிறகு ஏச ஒன்றும் இல்லை. வேலையில் ஒரு பகுதி அவர்கள் கைக்கும் போய்விட்டது. கூட்டம் முடிந்த அன்றைக்கே, யார் எதை எந்தத் திகதிக்குள் செய்ய ஒத்துக்கொண்டார் என்பதை நாலைந்து வரியில் எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். ஃபோனில் பேசியதையும் "இப்போது பேசியபடி, வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பு மண் முடியும் என்று சொன்னீர்கள், சரிதானே அண்ணா?" என்று வட்ஸ்அப்பில் போடுங்கள். அது அவரைப் பிடித்துக் கொடுப்பதற்காக இல்லை. பிறகு அவர்மேல் பழி வந்தால் அவருக்கும் அதுவே சாட்சி. அந்த மனநிலையோடு செய்தால் சைட்டில் உள்ளவர்கள் உங்களை எதிரியாகப் பார்க்க மாட்டார்கள்.

சிங்களம் பேச வராவிட்டால் கற்றுக்கொள்ளுங்கள். மேசன் பாஸோடும் பிரதேச சபை எழுதுவினைஞரோடும் நேரடியாகப் பேச முடிவது பெரிய பலம். வடக்கு, கிழக்கு சைட்டுகளில் காணிக்காரரோடு அவருடைய மொழியில் பேசக்கூடிய ஆள் என்று நீங்கள் ஏற்கெனவே உங்கள் நிறுவனத்துக்குப் பெறுமதியானவர். அதை முகாமையாளருக்கு நினைவூட்டி, அந்தச் சைட்டுகளின் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். அதோடு, கொழும்புக்குக் கிட்டிய ஒரு சைட்டில் கொங்கிறீட் போடுகிற நாளில் ஒரு முழு நாள் போய் நில்லுங்கள். தலைக்கவசமும் பாதுகாப்புச் சப்பாத்தும் கேட்டு வாங்குங்கள், உங்கள் உரிமை அது.

கடைசியாகப் பரீட்சை. பி.எம்.பி. எடுக்கத் திட்டங்களை வழிநடத்திய அனுபவம் வேண்டும். நாலு வருடப் பட்டம் இருந்தால் 36 மாதம், இல்லாவிட்டால் 60 மாதம். இப்போதைக்கு அது உங்களுக்கு இல்லை. அதே பி.எம்.ஐ. நிறுவனத்தின் சி.ஏ.பி.எம். சான்றிதழுக்கு அனுபவம் கேட்பதில்லை, 23 மணி நேர வகுப்பு முடித்திருந்தால் போதும். அவர்களின் கொழும்புக் கிளை நடத்துகிற கூட்டங்களுக்குப் போனால் இதே வேலை செய்கிறவர்களின் பழக்கமும் கிடைக்கும். எடுப்பது நல்லது. ஆனால் இந்த வருடம் உங்கள் பணமும் நேரமும் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், வரைபடமும் பி.ஓ.கியூவும் (வேலை அளவுப் பட்டியல்) வாசிக்கக் கற்றுத்தருகிற ஒரு குறுகிய வகுப்பில் சேருங்கள். அது அடுத்த திங்கட்கிழமையே உங்களுக்கு உதவும். எதில் சேர்ந்தாலும், கட்டணத்தில் ஒரு பங்கை நிறுவனம் தருமா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். பல இடங்களில் கேட்டால் தருகிறார்கள்.